வாஷிங்டன் வாழ்ந்த ஜில்லா

அமெரிக்காவின் தலைநகரைக் காணச் செல்வோர் வெள்ளை மாளிகையையும் காங்கிரஸ் மண்டபத்தையும் பார்த்த திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். அந்நகருக்குப் பெயர் தந்த ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடோ நகருக்குள் இல்லை. போடோமக் நதிக்கு அக்கரையில், வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ஃபேர்பாக்ஸ் கௌண்டியில் இருக்கிறது. கௌண்டி என்பதை நம் ஜில்லாவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். விஸ்தீரணம் சுமார் 400 சதுர மைல்தான். 2020-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்கே வசிப்பவர்கள் பதினொன்றரை லட்சம் பேர். இவர்களில் கணிசமானோர் காலையில் தலைநகருக்கு உத்தியோகத்துக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறவர்கள். பங்களாக்களும் புல்வெளிகளும் மோட்டார்களும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துவிட்டன என்பதை ஒளிப்பானேன்!

நகரத்து ரயிலில் ஹன்டிங்டன் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் ஏறி, வாஷிங்டனின் இல்லமான மௌண்ட் வெர்னனை அடைந்தோம். தூரத்திலிருந்து பார்க்கையில் வெள்ளைக் கல்லால் கட்டிய மாளிகை போலத் தெரிகிறது. அருகில் சென்றால்தான் குட்டு வெளிப்படும். அத்தனையும் பைன் மரப் பலகை! பலகையைக் கல்லின் வடிவத்தில் செதுக்கி, வர்ணம் காயுமுன் மணலைத் தூவியிருக்கிறார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய இரும்புச் சாவி தொங்குகிறது. 1789-ல் பாரிஸ் ஜனங்கள் தகர்த்த பாஸ்டில் சிறைச்சாலையின் சாவி அது. மறு வருஷம் லாபாயெத் தம் பழைய சேனாதிபதிக்குக் காணிக்கையாக அனுப்பினார்.

இந்த வீடு இன்று நிற்பதற்குக் காரணம் பெண்மணிகள். சர்க்கார் வாங்க முன்வராமல் வீடு பாழாகிக்கொண்டிருந்தபோது, ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற மாது 1853-ல் ஒரு சங்கத்தைத் துவக்கினார். பல மாகாணத்துப் பெண்களும் சேர்ந்து திரட்டிய பணத்தைக் கொண்டு, 1858-ல் இரண்டு லட்சம் டாலருக்கு வீட்டையும் இருநூறு ஏக்கர் நிலத்தையும் கிரயம் பேசி முடித்தார்கள். இன்றுவரை அந்தச் சங்கமே நிர்வகித்து வருகிறது.

பாஸ்டில் சாவி தொங்கும் அதே கூடத்தில் நடமாடி ஏவல் செய்தவர்கள் அடிமைகள். 1799-ல் வாஷிங்டன் காலமானபோது மௌண்ட் வெர்னனில் 317 நீக்ரோ அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தம்; அவர்களுக்கு விடுதலை தரவேண்டுமென்று உயில் எழுதி வைத்தார். இன்னும் 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவரின் சொத்தில் சேர்ந்தவர்கள். அவர்களை விடுவிக்கச் சட்டத்தில் இடமில்லை. கணவனுக்கு விடுதலை, மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை என்ற கொடுமை இதனால் நேர்ந்தது.

மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் உயிலுக்குக் காத்திருக்கவில்லை. 1796-ல், குடும்பம் பிலடெல்பியாவில் இருந்த சமயம், எஜமானர்கள் உணவருந்திக்கொண்டிருக்கையில் வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலேறிவிட்டாள். திரும்ப அழைத்து வர வாஷிங்டன் ஆள் அனுப்பியும் பலிக்கவில்லை. 1848-ல் அவள் இறக்கும் நாள் வரை சட்டத்தின் கண்ணில் அடிமைதான். ஆனாலும் யாரிடமும் அகப்படவில்லை. ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்துப் போராடி வென்ற மனிதர் ஒரு பெண்ணின் சுதந்திர வேட்கையைப் புரிந்துகொள்ளவில்லையே என்று நமக்குப் பெரிய ஆற்றாமை.

வாஷிங்டனின் செங்கல் சமாதிக்குக் கூப்பிடு தூரத்தில், மரங்களடர்ந்த ஒரு சரிவில், அடிமைகளைப் புதைத்த இடம் இருக்கிறது. 1929-ல் சங்கத்தார் ஒரு கல் பதித்தார்கள். 1983-ல், ஹோவர்ட் சர்வகலாசாலை மாணவர்கள் வகுத்த திட்டப்படி ஒரு ஞாபகச் சின்னமும் எழும்பியது. சமாதிக்கு முன்னே நின்ற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே இல்லை. வாஷிங்டன் கடைசி வருஷத்தில் தம் கைப்பட எழுதிய ஜாபிதாவில் அடிமைகளின் பெயர், தொழில், கணவன் மனைவி விவரமெல்லாம் இருக்கின்றன. இங்கே மண்ணுக்கடியில் எந்தக் குழியில் யார் கிடக்கிறார் என்று காட்ட ஓர் எழுத்துக்கூட இல்லை.