பரங்கி வாள்

அம்பத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று பூந்தமல்லி போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ ஹைதராபாத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று என்னிடம் கேட்கிறாள். உன்னிடம் கேட்டால் ‘உம்’ என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லையாம். அவளுக்கு ஒரு போன் போடு.

நீ கம்பெனிக்காக முப்பரிமாணத்தில் செய்து அனுப்பிய நான்கு வாள் படங்களையும் தம்பியின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அளவும் கணக்கும் வருகிற விஷயம் இது. எழுதினால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வாய்.

“வாளில் கனம் தெரியவில்லை என்கிறார்கள் மாமா. நான் எவ்வளவு தடிமனாகச் செய்தாலும் தெரியவில்லை” என்று எழுதியிருந்தாய். தடிமனாகச் செய்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. முப்பத்தெட்டு வருஷம் இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூமில் நின்றவன் நான். எனக்கு வாள் தெரியாது, இரும்பு தெரியும். உன் படத்தை இரும்பாக நினைத்துப் பார்த்தேன்.

நீ சொன்ன அளவு: அலகின் நீளம் 90 செ.மீ., அகலம் 5 செ.மீ., தடிமன் 6 மி.மீ. பிடியிலிருந்து நுனிவரை அதே தடிமன், ஓரத்தில் மட்டும் சாய்வு. இதைப் பட்டையாகவே கணக்குப் போடு. 90 × 5 × 0.6 என்றால் 270 கன செ.மீ. எஃகு ஒரு கன செ.மீ. 7.85 கிராம். ஆக 2 கிலோ 120 கிராம். ஓரச் சாய்வில் போகிறதைக் கழித்துப் பிடியும் அதன் முனையில் உள்ள குமிழும் சேர்த்தால், இரண்டரை கிலோ பக்கம் வந்துவிடும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் போருக்குக் கொண்டுபோன ஒற்றைக்கை வாள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.3 கிலோ. இரண்டு கையாலும் பிடிக்கிற நீள்வாள்கூட 1.2லிருந்து 1.6 கிலோவுக்குள் அடங்கிவிடும். நீ செய்திருப்பது வாள் வடிவத்தில் ஒரு கடப்பாரை. அதைத் தூக்கி வீசுகிறவனின் தோளும் முழங்கையும் இடுப்பும் வேறு மாதிரி அசையும். உன் கம்பெனி அனிமேட்டர் லேசான வாளுக்கான அசைவைப் போடுகிறார், நீ கொடுத்திருப்பது கடப்பாரை. பார்க்கிறவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘பொய்’ என்று கண் சொல்லிவிடும்.

நல்ல வாளில் தடிமன் ஒரே மாதிரி இருக்காது. பிடியருகே ஐந்தாறு மி.மீ. இருக்கும். நுனிக்குப் போகப் போக மெலிந்து இரண்டுக்கு வந்துவிடும். நேராக முகப்பில் பார்த்தால் இந்த டேப்பர் தெரியாது. பக்கவாட்டில் திருப்பினால்தான் தெரியும். நீ பார்த்து வரைந்த போட்டோக்கள் எல்லாமே முகப்புப் படங்களாக இருந்திருக்கும். புத்தகத்திலும் இணையத்திலும் வாளை அப்படித்தான் கிடத்தி எடுக்கிறார்கள். அதனால் தடிமன் என்ற மூன்றாவது அளவு உனக்குக் கிடைக்கவே இல்லை, மனதால் இட்டு நிரப்பிவிட்டாய். மூன்று பரிமாணத்தில் வேலை செய்கிறவளுக்கு அந்த மூன்றாவது அளவுதானே முக்கியம்.

அடுத்தது, அலகின் நடுவில் ஓடும் பள்ளம். ‘ரத்தம் வழிய’ என்று உன் குறிப்பில் எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. தண்டவாளத்தை வெட்டுமுகத்தில் பார்த்திருக்கிறாய் அல்லவா? மேலே தலை, கீழே பாதம், நடுவில் மெல்லிய இடை. வேண்டாத இடத்தில் இரும்பை எடுத்துவிட்டும் விறைப்புக் குறையவில்லை. வாளின் பள்ளமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. எடையைக் குறைக்கும், வளையாமல் தாங்கும். அதனால் நுனிவரை இழுக்காதே. குத்துகிற முனைக்குச் சதை வேண்டும், அதற்கு முன்பே பள்ளம் மெல்ல மறைந்துவிட வேண்டும்.

குமிழை அலங்காரப் பந்து போல ஒட்டவைத்திருக்கிறாய். அலகு பிடிக்குள் வாலாக நீண்டு, குமிழின் துளை வழியே வெளியே வரும். அந்த நுனியைப் பழுக்கக் காய்ச்சி, ரிவெட் அடிப்பது போல் தட்டிப் பரப்பி இறுக்குவார்கள். அந்தத் தட்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டு தெரியும். உன் குமிழின் உச்சியில் அந்த மொட்டை வை. குமிழின் எடைதான் நீண்ட அலகைக் கைப்பக்கம் இழுத்து வைக்கிறது. குறுக்குக் கைக்காப்பிலிருந்து விரல் நான்கைந்து தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்தால் வாள் தராசு மாதிரி நிற்கும். அனிமேட்டரிடம் கொடுக்கும்போது அந்தப் புள்ளியையும் குறித்துக் கொடு.

பளபளப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உன் அலகு குரோம் பூசிய பைக் சைலன்சர் மாதிரி மின்னுகிறது. கல்லில் தீட்டிய எஃகு அப்படி மின்னாது. கிரைண்டிங் வீலில் பிடித்த தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், நூல் நூலாகக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். வெளிச்சம் அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே நீண்டு படரும். மேற்பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் உன் ரஃப்னெஸ் மேப்பில் அந்தக் கோடுகள் வர வேண்டும். பல வருஷம் தீட்டித் தீட்டிக் கூர்ப்பக்கம் ஒரே சீராக இராது, அங்கங்கே லேசாக உள்வாங்கியிருக்கும். இதெல்லாம் உன்னைத் தவிர யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று சோர்ந்துவிடாதே. என் டூல் ரூமில் நான் எடுத்த பிசிறை யாரும் பார்த்ததில்லை. டை மட்டும் லட்சம் அடி அடித்தது.

இங்கிலாந்தில் எவர்ட் ஓக்‌ஷாட் என்று ஒருவர் இருந்தார். இடைக்கால ஐரோப்பிய வாள்களை அலகின் வடிவத்தையும் வெட்டுமுகத்தையும் வைத்து ரோமன் எண்ணில் பத்து தொடங்கி இருபத்திரண்டு வரை வகை பிரித்து, 1964ல் புத்தகமாகப் போட்டார். அந்த வகைகளைப் பார்த்துவிட்டு உட்கார். பன்னிரண்டாம் நூற்றாண்டு அலகுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் வளையக் கைக்காப்பை மாட்டும் தவறு வராது. உன் மூன்றாவது படத்தில் அது வந்திருக்கிறது.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

உன் படங்களைப் பார்த்த மறுநாள் மின்சார ரயில் பிடித்து சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பரங்கி வாள் என்று ஒன்று இருந்தது, தெரியுமா? நம் பக்கத்தில் பரங்கிமலை, கடலூர்ப் பக்கம் பரங்கிப்பேட்டை, சந்தையில் பரங்கிக்காய். கடல் தாண்டி வந்ததற்கெல்லாம் நாம் வைத்த பெயர் அது. தக்காணத்திலும் மராட்டியர் நாட்டிலும் அதே சொல்தான் ‘பிரங்கி’ என்று வாளுக்குப் பெயராயிற்று. போர்ச்சுகீசியர் வந்த பிறகு ஐரோப்பிய அலகுகள் கப்பல் கப்பலாக நம் துறைமுகங்களில் இறங்கின. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊர் இன்றைக்கும் கத்திக்குப் பேர்போனது. அங்கே அடித்த நீளமான, வளைத்தால் நிமிர்கிற நேர் அலகுகளை வாங்கி, நம் ஆசாரிகள் நம் ஊர்ப் பிடியில் ஏற்றினார்கள். உருக்கையே உலகத்துக்கு அனுப்பிய நாடு இது. நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’தான் வெள்ளைக்காரன் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது. அப்படிப்பட்ட நாடு, நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துத் தன் கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது.

மாற்றிய விதம்தான் என்னைக் கட்டிப் போட்டது. மேலே சொன்னேனே, வால் குமிழைத் தாண்டி வந்து தட்டி இறுக்கும் முறை, அது ஐரோப்பியர்களுடையது. நம் தென்னாட்டுப் பிடியில் பலவற்றில் இரண்டு தாங்கு தகடுகள் பிடியிலிருந்து நீண்டு அலகை இரு பக்கமும் கவ்வும், குறுக்கே ரிவெட் போகும். தகட்டில் யாளியும் பூவும். குமிழ் தட்டு மாதிரி அகன்று, அதன் மேல் ஒரு முள் நீண்டிருக்கும். தேவைப்பட்டால் மறு கையால் அந்த முள்ளைப் பிடித்து இரண்டு கையாலும் வீசலாம். கனம் எங்கே, பிடி எங்கே, விசை எங்கே என்று யோசித்தவன் செய்த வேலை. அவனும் ஃபிட்டர்தான் குட்டிம்மா. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று ரிவெட் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர்க் கட்டாரிகளைப் பார்த்தால் இந்த மாற்றும் விதம் இன்னும் தெளிவாகத் தெரியும். கைக்கு மேல் படகுப் பாய் போல் வளைந்த மூடி, உள்ளே குறுக்குப் பிடி, முன்னால் அலகு. சில அலகுகளில் மெல்லிய பள்ளங்கள் ஓடித் தாங்கு தகட்டுக்குள் போய் மறைகின்றன. ஒரு கட்டாரிக்கென்றே அடித்த அலகில் பள்ளம் அப்படிப் பாதியில் மறைய வேண்டியதில்லை. முழு நீள ஐரோப்பிய வாளை, உடைந்ததையோ தேய்ந்ததையோ, துண்டு போட்டுக் கட்டாரியாக்கியிருக்கிறார்கள். ஓநாய் முத்திரை, ‘ஆந்த்ரேயா ஃபெராரா’ என்ற பெயர் என்று அந்தக் கால ஐரோப்பிய அலகுகளில் அடையாளங்கள் உண்டு. விலை போகிற முத்திரை என்பதால் அங்கேயும் போலி அடித்தார்கள், இங்கேயும் அடித்தார்கள். முத்திரையை மட்டும் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. அலகின் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆயுதங்கள் எழும்பூருக்கு வந்த கதை வருத்தமானது. தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அரண்மனையை எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்து கிடந்த ஆயுதசாலையை 1860களில் கலைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்கு என்று கொஞ்சம் பொறுக்கி எடுத்தார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878ல் ‘இண்டியன் ஆன்டிக்வரி’ இதழில் அதைப் பற்றி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. ராபர்ட் எல்குட் என்ற ஆய்வாளர் 2004ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்தத் தென்னாட்டு ஆயுதங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார். உன் கம்பெனி நூலகத்தில் கேட்டுப் பார்.

ஆயுத பூஜை அன்று நம் எஸ்டேட் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். லேத்துக்கும் மில்லிங்குக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஒரு வெர்னியரைக்கூடத் தரையில் வைக்கமாட்டோம். அப்படிப்பட்ட நாட்டில், தலைமுறை தலைமுறையாகப் பூஜை கண்ட இரும்பைச் சம்மட்டியால் உடைத்து எடை போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அதுதான் மனதில் ஓடியது. உடைந்தது திரும்பாது. ஆனால் நீ அதைக் கணினியில் மறுபடி செய்யலாம். ரிவெட் உட்பட, தடிமன் உட்பட, அந்த ஆசாரி செய்த மாதிரியே.

உன் கம்பெனி கேட்கிற ஐரோப்பிய வாளைச் செய், அது உன் சம்பளம். நேர்மையாகச் செய். அதோடு உனக்கென்று ஒரு பரங்கி வாளும் ஒரு தஞ்சாவூர்க் கட்டாரியும் செய். நீள்வாள் செய்கிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராஜா ராணி கதை என்றால் நம் சினிமாவிலேயே மேல்நாட்டுக் கத்திச்சண்டை வாளைத்தான் கையில் கொடுத்தார்கள். மறுவெளியீட்டில் ‘நாடோடி மன்னன்’ பார்த்துவிட்டு மூங்கில் குச்சியை அப்படித்தான் நானும் சுழற்றினேன். தஞ்சாவூரில் உண்மையில் எது இருந்தது என்று எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிகிறது. உனக்கு இருபத்தாறில் தெரியட்டும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. தங்களிடம் உள்ள, காப்புரிமை காலாவதியான பொருள்களின் படங்களை அவர்கள் 2017லிருந்து யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். முகப்புப் படமும் எடையும் அளவும் அவர்கள் இணையதளத்தில் கிடைக்கும். பக்கவாட்டுத் தடிமன் கிடைக்காது. அதற்குத்தான் நீ எழும்பூருக்கு நேரில் வர வேண்டும்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? ஒரு நாள் கூடுதலாக லீவு போடு. காலையில் எழும்பூர் பார்த்துவிட்டு, கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் போவோம். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் வாள்கள் இருக்கின்றன. நான் அளவு சொல்கிறேன், நீ குறித்துக்கொள். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பக்கவாட்டில் குனிந்து பார்த்து மில்லிமீட்டர் சொல்ல எனக்கு இன்னும் கண் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைப் பார்த்து டிக்கெட் எடு.

இப்படிக்கு,
உன் மாமா