மூணு புடவை, ஒரு பக்கெட்!

கொல்கத்தா போறீங்களா? ஹவுரா பாலம், விக்டோரியா மெமோரியல் எல்லாம் இருக்கட்டும். காளிகாட் மெட்ரோவுல இறங்கி, காளி கோயிலை ஒட்டியிருக்கிற 'நிர்மல் ஹ்ருதய்' வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. யாத்ரீகர்கள் தங்கின மண்டபம் அது. 1952-ல அன்னை தெரசா அதை, ரோட்டுல சாகக் கிடந்தவங்களுக்கான இல்லமா மாத்தினாங்க.

செமஸ்டர் லீவுல அங்கே வாலன்டியரா போனேன். எனக்கு வேலை கத்துக்கொடுத்த சிஸ்டர் நம்ம தூத்துக்குடிப் பொண்ணு. என்னைவிட நாலு வயசுதான் பெரியவங்க. அஞ்சு மணிக்கு முன்னாடியே எழுந்து ஜெபம், திருப்பலி. (நமக்கு எட்டரை மணி கிளாஸுக்கே மூணு அலாரம்!) அப்புறம் புண்ணுக்கு மருந்து போடறது, குளிப்பாட்டறது, ஊட்டிவிடறது, துணி துவைக்கிறதுனு நாள் ஓடிடும். அவங்களோட சொத்து, மூணு நீலக்கரைப் புடவை. டிட்டாகர்ல தொழுநோயாளிகள் நெய்தது. துவைக்க ஒரு பக்கெட். செல்போன்? மூச்!

"எது சிஸ்டர் ரொம்பக் கஷ்டம்?"னு கேட்டேன். புண்ணு, நாத்தம்னு சொல்வாங்கனு நினைச்சேன்.

"பெங்காலி தம்பி!"னு சிரிச்சாங்க.

வந்த புதுசுல, ஒரு பாட்டி ராத்திரி முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தாங்களாம். தண்ணியா, மகனா, வேற எதுவுமா... புரியலை. தண்ணி கொடுத்தாங்க, போர்த்தி விட்டாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடியறதுக்குள்ள பாட்டி போயிட்டாங்க.

"இப்போ அர்த்தம் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்"னாங்க. என்னனு சொல்லலை. பக்கெட்டை என் பக்கம் தள்ளி, "அந்தப் போர்வையைப் பிழிஞ்சுட்டியா தம்பி?"னாங்க.