ஏர் பூட்டிய சொல்

கோர்ட்டுக் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். இருப்பது புதுச்சத்திரத்தில். லாரி வாங்குவதற்குப் பட்ட கடன், கோழிப்பண்ணை போடுவதற்குப் பட்ட கடன் என்று என் மேசைக்கு அதிகம் வருவது புரோநோட்டு வழக்குகள்தான். அதனால் 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தைப் புரட்டாத வாரம் இல்லை.

அதன் 20ஆம் பிரிவில் ‘இன்கோயேட்’ என்றொரு சொல் உண்டு. ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து மட்டும் போட்டு, தொகை எழுதாமல் கொடுத்த தாளுக்கு அந்தப் பெயர். தொழிலுக்கு வந்த புதிதில் அதை ‘அரைகுறை ஆவணம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த கட்சிக்காரர், “அரைகுறைன்னா செல்லாதுங்களே?” என்றார், முகம் தெளிந்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் சொல்வது நேர்மாறு. அந்த ஸ்டாம்புக்கு அடங்கும் தொகைவரை நிரப்பிக்கொள்ள, தாளை வாங்கியவருக்கு முதல்நோக்கில் அதிகாரம் வந்துவிடுகிறது.

அன்றிரவே அகராதியில் வேரைத் தேடினேன். லத்தீனில் ‘இன்கோஹாரே’ என்றால் தொடங்குதல். அதற்குள் இருக்கும் ‘கோஹும்’, ஏர்க்காலை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டும் வாரைக் குறிக்கும் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து.

எனக்கு அப்பாரு நினைவுக்கு வந்தார். சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது கயிற்றை மாற்றி மாற்றிச் சுற்றி, முழங்காலை முட்டுக் கொடுத்து இறுக்குவார். கட்டு ஏர்க்காலில் எந்த இடத்தில் விழுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கொழு இறங்கும் ஆழம். இன்னும் ஒரு சால்கூட ஓட்டியிருக்கமாட்டார். ஆனால் உழவு தொடங்கிவிட்டது. ஏர் பூட்டும்போது பாடும் பாட்டுக்கு ‘ஏர்மங்கலம்’ என்று பெயர் சொல்கிறது சிலப்பதிகாரம். தொடக்கத்தையே மங்கலமாகக் கொண்டாடிய மொழியில், அதை நான் அரைகுறை என்று எழுதியிருந்தேன்.

இப்போது ‘தொடங்கி முற்றுப்பெறாத ஆவணம்’ என்றே எழுதுகிறேன். தொடக்கம் என்பது குறை அல்ல, கட்டு. அந்தத் தாளில் கையெழுத்துதான் கயிறு. வருகிறவர்களிடம் வாய்விட்டும் சொல்லிவிடுகிறேன்: “ஏர் பூட்டியாச்சுங்க. சால் எவ்வளவு ஆழம் போகணும்னு முடிவு பண்றது இனி தாளை வாங்கினவரு.”

உழுத கைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தொகையை எழுதிவிட்டுத்தான் பேனாவைக் கையெழுத்துக்கு நகர்த்துகிறார்கள்.