செந்நிறக் குமிழிகள்

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் ரயில் தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியைக் கடக்கும். இருபக்கமும் தண்ணீர்தான். 1906-இல் குராவ் ஆற்றை மறித்துக் கட்டிய இந்த ஏரிதான் கிரியான் மாவட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. ஏரியைத் தாண்டினால் பாகான் செராய். கண்ணுக்கு எட்டிய வரை நெல், ஓரங்களில் செம்பனை.

வானொலியில் வார நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும் நான், ஒரு சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு அங்கே வாய்க்கால் கரையில் நின்றேன். காரணம், அம்மா. அவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகியிருந்தது. “விரால் சூப் குடிச்சாத்தான் காயம் ஆறும்” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஹாருவான் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் அதே மீன். இந்த நாட்டில் மூன்று இனத்தாரும் ஒத்துப்போகும் வைத்தியம் இது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ந்திருக்கின்றன.

மாமா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வருடமாக இந்த வாய்க்கால்களில் தூண்டில் போடுகிறார்.

“இங்க வருஷத்துக்கு ரெண்டு போகம். மீனுக்கும் அதுதான் காலண்டர்” என்றார். வயலில் தண்ணீர் ஏறியதும் விரால் நாற்றுகளுக்குள் போய்விடும். தவளையும் சின்ன மீனும் அங்கேதான் கிடைக்கும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்தால் எல்லாம் வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். தூண்டில்காரர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். ரொம்பக் காய்ந்தால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் சாகாது.

முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர் அது. ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தது. “நடுவுல போடாத. இலை முடியிற ஓரத்துல போடு. அது நிழல்ல இருந்துதான் பாக்கும்” என்றார் மாமா. அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களும் அல்லி இலை ஓரத்தைத்தான் தேடுவார்களாம்.

ரப்பர் தவளையை இலைமேல் தத்தித் தத்தி இழுத்து வந்தேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. கை நடுங்க இழுத்துப் போட்டேன். ஒரு கிலோ இருக்கும். அம்மாவின் சூப் கரையில் துள்ளிக்கொண்டிருந்தது.

மாமா மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைக் காட்டினார். அது வந்த இடத்தில் மழைத்துளி விழுவதுபோல் குமிழிகள். கீழே செந்நிறத்தில் ஒரு கூட்டம் நெளிந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சு வாங்க மேலே வந்து போயின.

“இது பசிக்குக் கடிக்கல. புள்ளைங்களக் காப்பாத்தக் கடிச்சிருக்கு. இத எடுத்துட்டா சாயங்காலத்துக்குள்ள மத்த மீனு எல்லாத்தையும் தின்னுடும்.”

“அம்மாவுக்கு…”

“ஒங்கம்மாவுக்கு மார்க்கெட்ல கெடைக்கும்டா. இதுங்களுக்கு?”

முள்ளை மெதுவாகக் கழற்றி, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டேன். நேராகக் குமிழிகளை நோக்கிப் போனது.

பட்டணத்து மார்க்கெட்டில் உயிரோடு ஒன்று வாங்கினேன். இஞ்சி, மிளகு போட்டு அக்காள் சூப் வைத்தாள். “நானே பிடிச்சேன்மா” என்றேன். தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்த அம்மா, சட்டியில் கிடந்த தலையைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தார்.

“வாயில தூண்டில் காயமே இல்லையேடா.”

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கிண்ணத்தை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

விடுமுறைக்குக் கிரியான் பக்கம் தூண்டிலோடு போகிறவர்களுக்கு ஒன்று. செந்நிறக் குமிழிகள் தெரிந்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். வாய்க்கால் நீளமானது.