முதல் ரீல்

எழுபதைத் தாண்டிய கிழவனுக்குச் சூப்பர் ஹீரோ படம் ஒரு கேடா என்று சிரித்துவிடாதீர்கள். சென்ற பள்ளி விடுமுறைக்கு என் பேரன் வந்திருந்தான். வந்தவன் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

"தாத்தா, மார்வெல் படமெல்லாம் வெளிவந்த வரிசையிலே வேணாம். கதை நடந்த வரிசையிலே பார்ப்போம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிறு வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஒருநாள் படம் ஓட்டியவர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். செத்துப்போன வில்லன் எழுந்துவந்து மறுபடியும் சண்டை போட்டான். லயத்துச் சனம் முழுவதும் கூச்சல் போட்டது.

"ரீலை மாத்திப் போட்டா உதைதான்டா விழும்" என்றேன்.

"அவங்கதான் மாத்திப் போட்டாங்க தாத்தா. நாம சரி பண்றோம்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். 2008-இல் 'அயன் மேன்' வந்தது முதல் 2019 வரை மட்டும் 23 படங்கள். ஆனால் அவற்றில் கதைப்படி முதலில் நிற்பது 2011-இல் வந்த முதல் 'கேப்டன் அமெரிக்கா'. அது இரண்டாம் உலகப் போரில் நடக்கிறது. அடுத்தது 2019-இல் வந்த 'கேப்டன் மார்வெல்'. அது 1995-இல் நடப்பது. அதற்குப் பிறகுதான் 'அயன் மேன்'.

இப்படிப் பார்த்ததில் ஒரு மனிதரைப் பற்றிய எண்ணமே மாறிவிட்டது. அயன் மேனாக வரும் டோனி ஸ்டார்க்கின் தகப்பனார் ஹோவர்ட் ஸ்டார்க். 2010-இல் வந்த இரண்டாம் 'அயன் மேன்' படத்தில், அன்பாக ஒரு வார்த்தை சொல்லாத அப்பா என்று மகன் குறைப்படுகிறான். வெளிவந்த வரிசையில் பார்த்தவர்கள் மகனின் அந்தக் குறை வழியாகத்தான் அவரை அறிந்தார்கள். நாங்களோ அவரை முதலிலேயே வாலிபராகப் பார்த்துவிட்டோம். எதிரியின் எல்லைக்குள் கேப்டனைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்த துடிப்பான இளைஞர் அவர். 'எண்ட்கேம்' படத்திலே டோனி காலம் கடந்து 1970-க்குப் போய்த் தகப்பனைச் சந்திக்கிறான். பிறக்கப்போகும் பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறோமோ என்று கலங்கி நிற்கிறார் அந்த மனிதர்! நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேரன் பார்த்துவிட்டான்.

"உங்க அப்பா எப்படி தாத்தா?"

என்ன சொல்வேன்? என் அப்பாவை எனக்கு இடையில் ஓடிய ரீலிலிருந்துதான் தெரியும். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் கை ஓங்குவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தில் என் மகனிடம்கூட அவரைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டேன். அவர் கண்மூடிய பிறகுதான் அம்மா சொன்னார். 1943-இல், பத்தொன்பது வயதில், ஜப்பான்காரன் அவரையும் அவர் அண்ணனையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனானாம். திரும்பி வந்தவர் அப்பா மட்டும்தான். பருக்கையின் அருமை அங்கே தெரிந்தது அவருக்கு.

கேப்டன் அமெரிக்கா சண்டை போட்டதாகக் காட்டும் அதே காலம், வாசகர்களே! அன்றிரவு பேரனுக்கு 1943-இலிருந்து சொன்னேன். "அப்பாவுக்கு இது தெரியுமா தாத்தா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். விடுமுறை முடிந்து அவனை அழைத்துப்போக மகன் வந்தபோது, அவனையும் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன்.

படம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல்முறை வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். 'கேப்டன் மார்வெல்' முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது வரும் துண்டுக் காட்சி, 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்துக்குப் பிறகு நடப்பது. முன்கூட்டியே பார்த்தால் அந்தப் படத்தின் முடிவு தெரிந்துவிடும். இரண்டாம் முறை கதை வரிசையில் பாருங்கள். அதே ஆட்கள் வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவரை மட்டும் இரண்டாம் முறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். நான் கேட்க நினைத்தபோது அப்பா இல்லை. அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ரீலிலிருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.