புயற்சொற்கள்

கடலை நம்பி வாழும் மக்களின் மொழியிலே காற்றுக்குப் பல பெயர்கள் அமைதல் இயல்பு. ஆங்கிலம் அத்தகைய மொழிகளுள் ஒன்று. காற்றின் கடுமை ஏற ஏற அங்கே பெயரும் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் பியூபோர்ட் காற்றின் விசையை 0 முதல் 12 வரை படிப்படியாக வகுத்தார். இன்று வழங்கும் பெயர்களின்படி எட்டாம் படி ‘கேல்’. பத்தாம் படி ‘ஸ்டோர்ம்’. மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கும் பன்னிரண்டாம் படியே ‘ஹரிக்கேன்’.

கடலிலே இத்துணை நுட்பமாக அளக்கப்பட்ட சொற்கள், கரையேறியதும் அளவிழந்து விடுகின்றன. ஆங்கிலேயருக்குப் பலத்த சிரிப்பும் ‘கேல்’ ஆகும். கைதட்டலும் ‘ஸ்டோர்ம்’ ஆகும். அற்பப் பூசல் தேநீர்க் கோப்பைக்குள் எழுந்த புயலாகும்.

தமிழும் இதற்கு விலக்கன்று. பண்டை இலக்கியத்திலே ‘புயல்’ என்பது மேகத்தையும் மழையையும் குறித்தது. ஆகவே வரையாது வழங்கும் வள்ளலின் கைக்கு அது உவமையாயிற்று. இன்றோ அச்சொல் அழிக்கும் காற்றுக்கு உரியது. அரசியல் மேடைக்கும் கிரிக்கெட் பந்துவீச்சாளருக்கும் அடைமொழி. ‘சூறை’ என்ற சொல்லோ சுழற்காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே சுட்டும். காற்று செய்வதும் கொள்ளையன் செய்வதும் ஒன்றே எனக் கண்டவர்களின் சொல் அது.

இச்சொற்களின் பாரத்தை உணர்வதற்கு அம்பாறைக் கரையோரத்தை நோக்குதல் வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களிலே காற்று அன்றாட வாழ்வின் பகுதி. வறண்ட கச்சானும் மாரிகாலத்து வாடையும் கடற்றொழிலாளருக்கு நாட்காட்டி போன்றவை. நூஹ் நபி காலத்துப் பெருவெள்ளத்தைத் திருக்குர்ஆன் ‘தூஃபான்’ எனக் குறிப்பதும் இம்மக்கள் அறிந்ததே. ஆங்கிலத்து ‘டைஃபூன்’ உருப்பெற்றதில் அந்த அரபுச் சொல்லுக்கும் பங்குண்டு.

1978 நவம்பர் 23ஆந் திகதி கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ‘சைக்கிளோன்’ என்ற ஆங்கிலப் பெயரை 1840களிலே கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் ஆக்கினார். சுருண்டு கிடக்கும் பாம்பைக் கருத்திற் கொண்டு, கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை அமைத்தார். அன்றிரவு தம் கூரைக்கு மேலே அப்பாம்பு புரண்டதைக் கேட்டவர்களுக்குச் ‘சூறாவளி’ என்பது ஒரு காலக்கணக்காயிற்று. பிறப்பையும் திருமணத்தையும் ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ என்று கணித்தனர்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடலே எழுந்து வந்தது. அது காற்றின் செயலன்று. சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் விளைவு. துறைமுக அலை என்று பொருள்படும் ‘சுனாமி’ என்னும் யப்பானியச் சொல் அந்த நீரோடு இக்கரையின் வாய்மொழியிற் கலந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரம் பேர் வரை மாண்டனர். பின்னர் செய்தித்தாள்களும் மேடைகளும் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டன. தேர்தல் வெற்றி ‘வாக்குச் சுனாமி’ ஆயிற்று. எழுதுபவருக்கு அது ஓர் அணி. பிள்ளையின் கையை நீரிலே நழுவவிட்ட தாய்க்கு அது ஒரு நாளின் பெயர். இருவரும் ஒரே சொல்லையே வழங்குகின்றனர். ஆயினும் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்குவதில்லை.

அதனால் உருவகமே கூடாதென்பதில்லை. உருவகமின்றி மொழி வாழாது. பொறுப்புள்ள உருவகத்துக்குக் கிழக்கிலங்கை வீடுகளிலேயே சான்றுண்டு. கரிபியன் தீவுகளின் பழங்குடியினரிடமிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற ‘ஹரிக்கேன்’, கண்ணாடிக் கூட்டினுள்ளே காற்றுக்கு அணையாத ஒரு விளக்கின் பெயராகி, ‘அரிக்கன் லாம்பு’ என நம்மவர் நாவில் நிலைத்தது. புயலின் பெயரைத் தாங்கினாலும் அது புயலைப் பெருமைக்குச் சூடிக்கொள்ளவில்லை. அதன் எதிரே நின்று எரிவதாலேயே அப்பெயரைப் பெற்றது. மின்சாரம் அற்றுப்போன இரவுகளிலே அதனைக் கொளுத்தி வைத்துக் காணாமற் போனோரைத் தேடிய மக்கள், அப்பெயர் அயல்மொழிச் சொல் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். புயலையும் சுனாமியையும் அணியாக எடுத்தாளும் எழுத்தாளர், அந்த வீட்டு வாசலில் நின்று தம் வாக்கியத்தை உரக்க வாசிக்க இயலுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.