சுவிட்சைப் போட்டவன்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிக் கொட்டிய மழையைத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று அளந்தார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் தெரியும். முடிச்சூரில் என் டி.டி.பி. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் வந்து சேர்வதே எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்களை மூழ்கடித்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தது.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால், மேஜைக்கு அடியில் இருந்த சி.பி.யூ. சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் தன்வரலாறு இருந்தது. 19 அத்தியாயங்கள். இரண்டு வருஷமாக அவர் நோட்டு நோட்டாகக் கொண்டுவந்து கொடுக்க, நான் பேஜ்மேக்கரில் அடித்தது. "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். நானும் ஒரு சி.டி.யில்கூட எடுத்து வைக்கவில்லை.

கரண்ட் வந்த அன்று நான் செய்ததை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. சி.பி.யூ.வை வெளிப்புறம் துடைத்தேன், ஒரு மதியம் வெயிலில் வைத்தேன், சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. நனைந்த கம்ப்யூட்டரைத் தண்ணீர் கெடுப்பதைவிட, ஈரம் காய்வதற்குள் பாய்ச்சுகிற மின்சாரம் கெடுப்பதுதான் அதிகம். இது எனக்குத் தெரியாததில்லை. பொறுமை இல்லை, அவ்வளவுதான். சார் வந்து கேட்டபோது "தண்ணி பூந்துடுச்சு சார்" என்றேன்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கழற்றி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மதர்போர்டைக் கழுவி, பழைய டூத்பிரஷ்ஷால் சேற்றை எடுத்து, பத்து நாள் மொட்டைமாடி நிழலில் உலர்த்தினேன். அரிசிக்குள் புதைத்து வை என்றார் ஒருவர். அந்த வாரம் முடிச்சூரில் காய்ந்த அரிசி யார் வீட்டில் இருந்தது?

முதலில் எஸ்.எம்.பி.எஸ். அதன் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஹேர்பின்னால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. புதிது வாங்கிப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரை இருட்டு, பீப் சத்தம் மட்டும் நிற்காமல். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டேன். திரை வந்தது. பட்டன் பேட்டரியை மாற்றி, தேதியையும் சரிசெய்தேன். ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது.

டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையில் ஓரிடம் கருகியிருந்தது. நான் சுவிட்சைப் போட்ட இடம் அது. ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து அதே மாடல், அதே பலகை எண் உள்ள பழைய டிஸ்க் ஒன்றைப் பிடித்தேன். பலகையை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுத்திருத்தங்கள் எட்டுக்கால் சிப் ஒன்றில் இருக்கும். அதையும் பெயர்த்து வைக்க வேண்டும். தாம்பரத்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் பையன் ஒருவன் சூடான காற்றை ஊதி அதைச் செய்துகொடுத்தான். காசு வேண்டாம் என்றுவிட்டான். அவன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது.

டிஸ்க் சுற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி சின்னம் வரும், நிற்கும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று தடவைக்கு மேல் முயலவில்லை. ஒவ்வொரு சுற்றும் அந்த டிஸ்க்கின் கடைசிச் சுற்றாக இருக்கலாம். உபுண்டு சி.டி.யைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி, சாருடைய ஃபோல்டரை மட்டும் பென் டிரைவுக்கு இழுத்தேன். 16 அத்தியாயங்கள் வந்தன. 17ஆவதில் டிஸ்க் கடகடவென்று அடித்துக்கொண்டு ஓய்ந்தது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. சுவிட்ச் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தாள்களைப் புரட்டினார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அப்புறம், "போனது எதெது?"

கடைசி மூன்று என்றேன்.

"ரிட்டயரானதுக்கு அப்புறம் எழுதினதா? அது சரியா வரலைன்னு எனக்கே ஒரு எண்ணம் இருந்துச்சு. நாளைக்கு வாங்க, நான் சொல்றேன், நீங்க அடிங்க."

போகும்போது இரண்டு வெற்று சி.டி. வாங்கிக்கொண்டு போனேன்.